வேலி அறியாத வேர்கள்

டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வீடு வாங்கிய நம்மவர்களிடம், "இந்த வீட்டில் உங்களுக்கு முதலில் பிடித்தது எது?" என்று கேட்டால், பலர் வாசலில் நிற்கும் ஓக் மரத்தைத்தான் காட்டுவார்கள். ஊரில் விட்டு வந்த வேப்ப மரத்துக்கு அது ஈடாகுமா என்ற கேள்வி இருக்கட்டும். நூறு டிகிரி வெயிலில் அதன் நிழலில் காரை நிறுத்தலாம். ஊரிலிருந்து வந்த பெற்றோர் மாலையில் நாற்காலி போட்டு உட்காரலாம். கோயிலுக்கு ஒரு தல விருட்சம் உண்டு என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாம். மதுரைக்குக் கடம்பு, சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவுக்கு வெண்நாவல் என்பது போல, இங்கே வீட்டுக்கு ஓர் ஓக்.

அந்த மரம் யாருடையது? பத்திரத்தின்படி வீட்டுக்காரருடையது. தண்ணீர் விடுவதும் கிளை கழிப்பதும் அவர் பொறுப்பு. ஆனால் அந்த மரத்துக்கு வியாதி வந்தால், அது அவர் வீட்டு விஷயமாக மட்டும் நின்றுவிடுமா? நிற்காது. தனியார் மரத்துக்கு நகரசபை ஏன் ஆள் அனுப்புகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. இந்த உதவி இருப்பதே பல அங்கத்தினர்களுக்குத் தெரியாது. தெரிந்த சிலரும், "நகரசபைக்குப் போன் செய்தால் வீண் வம்பு வருமோ, அபராதம் போடுவார்களோ" என்று தயங்கி இருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு விலை அதிகம்.

தஞ்சாவூரும் டெக்ஸாஸும்

தஞ்சை மாவட்டத்துப் பெரியவர்களுக்கு 1952ஆம் ஆண்டுப் புயல் நினைவிருக்கும். அந்தப் புயலுக்குப் பின் தென்னந்தோப்புகளில் ஒரு வியாதி கண்டது. மட்டைகள் தொங்கின; அடிமரத்தில் செந்நிறச் சாறு கசிந்தது; மரம் பட்டுப்போயிற்று. தஞ்சாவூர் வாடல் நோய் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சைக் காளான்தான் காரணம். நோய் கண்ட மரத்தின் வேரைத் தொட்டு அடுத்த மரத்துக்குப் போகும். ஆகவே விவசாய அதிகாரிகள் சொன்ன வழிகளில் ஒன்று, நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவது. வேர்த் தொடர்பை அறுத்தால் நோயின் பாதை அறும்.

டெக்ஸாஸ் ஓக் மரங்களைக் கொல்லும் வாடல் நோய் வேறு ஒரு காளானால் வருவது. ஆனால் அது நகரும் விதமும் தடுக்கும் விதமும் தஞ்சை விவசாயிக்கு உடனே புரியும். அமெரிக்காவில் இந்நோய் 1944இல் விஸ்கான்ஸின் மாநிலத்தில் அடையாளம் காணப்பட்டது. டெக்ஸாஸில் 1961இல் டல்லாஸ் நகரில் உறுதி செய்யப்பட்டது. இன்று மாநிலத்தின் 254 கவுண்டிகளில் 70க்கும் மேற்பட்டவற்றில் இது இருக்கிறது. ஆஸ்டினைச் சூழ்ந்த குன்றுப் பிரதேசத்தில் மிக அதிகம்.

மரத்தின் உள்ளே நடப்பது என்ன? வேரிலிருந்து இலைக்குத் தண்ணீரை ஏற்றும் மெல்லிய குழாய்கள் மரத்தில் உண்டு. காளான் அவற்றில் புகுந்து பரவுகிறது. மரமோ நோயைத் தடுக்கும் முயற்சியில் அக்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. உடம்பின் தற்காப்பே உடம்புக்குப் பகையாகும் மனித வியாதிகள் சில உண்டல்லவா? அது போலத்தான். தண்ணீர் ஏறாமல் இலை வாடுகிறது. ரெட் ஓக் இனம் சில வாரங்களிலேயே மடிந்துவிடும். லைவ் ஓக் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் இலை இழந்து போகும். சில மரங்கள் பாதிக் கிளைகளைப் பறிகொடுத்தும் பிழைத்து நிற்கும். ஒயிட் ஓக் இனங்களுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்.

நோய் இரண்டு வழிகளில் பரவுகிறது. முதலாவது ஆகாய வழி. நோயில் மடிந்த ரெட் ஓக் மரத்தின் பட்டைக்கு அடியில் காளான் மெத்தை போலப் படரும். பழ வாசனை கொண்ட அதை நாடி மரச்சாறு உண்ணும் சிறு வண்டுகள் வரும். அவை உடம்பில் ஒட்டிய வித்துக்களுடன் பறந்து போய், எங்கோ புதிதாக வெட்டிய ஓக் கிளையின் பச்சைக் காயத்தில் உட்காரும். அங்கே ஒரு புதிய நோய் மையம் தொடங்கிவிடும்.

இரண்டாவது பாதாள வழி. லைவ் ஓக் மரங்கள் வேரிலிருந்தே குருத்து விட்டுக் கூட்டமாக வளர்பவை. மேலே பத்து மரமாகத் தெரிந்தாலும் கீழே வேர்கள் பின்னி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒரு மரத்தில் புகுந்த காளான் இந்த வேர் வழியே அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு என்று போகும். சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 75 அடி நகரும். ஆஸ்டின் புறநகரில் ஒரு வீட்டு மனையின் அகலத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆண்டில் நோய் அண்டை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வேருக்கு வேலி தெரியாது, பத்திரமும் தெரியாது.

தொற்று நோய் என்றால் சர்க்கார் வேலை

காலராவோ அம்மையோ வந்த வீட்டில், "இது எங்கள் குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்ள எந்த ஊர்ச் சுகாதார அதிகாரியும் விடமாட்டார். நோயாளிக்கு உதவுவதும் ஊரைக் காப்பதும் அங்கே ஒரே வேலை. ஓக் வாடல் நோயிலும் அதே நியாயந்தான். 1988இல் டெக்ஸாஸ் மாநில வன இலாகா, மத்திய அரசின் வன இலாகா தந்த நிதியோடு, இந்நோயை அடக்க ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. ஆஸ்டின் நகரசபையும் அதில் இணைந்து வேலை செய்தது. தனியார் நிலங்களிலேயே பல நூறு மைல் நீளத்துக்கு அகழிகள் வெட்டப்பட்டன. செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றது. மனிதாபிமானம் மட்டுமல்ல, கணக்கும் அதில் இருந்தது. ஒரு தெருவின் நோயை ஓர் அகழியில் நிறுத்துவது, பத்துத் தெருக்களின் மரங்களை இழப்பதைவிடச் செலவு குறைவு.

அகழி என்பது அலங்காரக் கால்வாய் அல்ல. நோய் தெரியும் கடைசி மரத்திலிருந்து சுமார் 100 அடி தள்ளி, குறைந்தது நான்கு அடி ஆழத்துக்கு, பாறை அறுக்கும் இயந்திரத்தால் ஒரு கோடு வெட்டுவார்கள். வேர்கள் அறுந்தவுடன் மண்ணைத் திரும்ப மூடிவிடலாம். நூறு அடி தள்ளுவதற்குக் காரணம் உண்டு. இலையில் அடையாளம் தெரியுமுன்பே காளான் வேரில் முன்னேறியிருக்கும். வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமான மரங்கள் சிலவும் அகழிக்கு உட்புறம் விடப்படும். தம் மரம் உட்புறத்தில் விழும் வீட்டுக்காரருக்கு அது கசப்பான செய்தி. எல்லா அகழியும் வெற்றி பெறுவதுமில்லை. ஆழத்தில் தப்பிய ஒரு வேர் போதும், நோய் தாண்டிவிடும்.

இதில் பெரிய சிக்கல் மண்ணில் இல்லை, மனிதரிடம் இருக்கிறது. அகழிக் கோடு நாலு வீட்டுத் தோட்டத்தின் வழியே போக வேண்டும் என்றால் நாலு வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். மூவர் சரி என்று ஒருவர் மறுத்தால் அந்த இடைவெளியில் நோய் போய்விடும். பத்து வருஷம் ஒரே தெருவில் இருந்தும் எதிர் வீட்டுக்காரரின் பெயர் தெரியாத நம்மவர்கள் உண்டு. வேலை, பிள்ளைகளின் படிப்பு, வார இறுதியில் கோயில் என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. ஆனால் இந்த வியாதி வந்தால் அண்டை வீட்டுக் கதவைத் தட்டாமல் முடியாது. அப்போது கையில் நகரசபை நிபுணரின் வாக்கும் வரைபடமும் இருந்தால் பேச்சு சுலபமாகும். வெறும் சந்தேகத்தோடு போவது வேறு, பரிசோதனை முடிவோடு போவது வேறு.

நகரசபை செய்வதும் செய்யாததும்

ஆஸ்டின் நகர எல்லைக்குள் இருப்பவர்கள் 3-1-1 என்ற எண்ணைச் சுழற்றி, ஓக் வாடல் நோய் என்று சந்தேகம் என்று சொன்னால் போதும். நகரசபையின் மர நிபுணர் வந்து பார்ப்பார். இதற்குக் கட்டணம் இல்லை. அவர் இலையைப் பார்ப்பார், அக்கம்பக்கத்து மரங்களைப் பார்ப்பார். தேவையானால் கிளைத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பும் முறையைச் சொல்வார். அந்த மாதிரிகளைச் சோதிக்கும் கூடம் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் இருக்கிறது. நோய் உறுதியானால் எந்த மரத்தை எடுக்க வேண்டும், எதற்கு மருந்து கொடுக்கலாம், அகழி எங்கே போகவேண்டும் என்ற ஆலோசனை கிடைக்கும். நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் வன இலாகாவின் உள்ளூர் அலுவலரை அணுகலாம்.

நகரசபை செய்யாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு மரத்தை வெட்டும் கூலியையும் மருந்துச் செலவையும் பொதுவாக வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். புரொபிகோனஸோல் என்ற காளான் கொல்லி மருந்தை மரத்தின் அடியில் துளையிட்டுக் குழாய்களில் ஏற்றும் சிகிச்சை உண்டு. நோய் வருமுன் போட்டால் நல்ல பலன். இலை பாதி உதிர்ந்தபின் போட்டால் பலன் சொற்பம். சிகிச்சை பெற்ற மரம் பிழைத்தாலும் வேர் வழியாக நோய் அடுத்த மரத்துக்குப் போவதை இம்மருந்து நிறுத்தாது. ஆகவே மருந்து ஒரு மரத்துக்கு. அகழி ஒரு தெருவுக்கு. அகழிக்கு அரசுப் பங்கு எவ்வளவு கிடைக்கும் என்பது நிதி நிலவரத்தைப் பொறுத்தது. வெட்டத் தொடங்குமுன் கேட்டுக்கொள்வது நலம். தோண்டுவதற்கு முன் 8-1-1 எண்ணில் சொன்னால் கேஸ், மின்சாரக் குழாய்கள் செல்லும் இடத்தைக் குறித்துக் கொடுப்பார்கள். இந்தத் தகவலைச் சொல்லாமல் தோண்டக் கூடாது.

அபராத பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆஸ்டினில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் 19 அங்குலமோ அதற்கு மேலோ குறுக்களவுள்ள மரம், தனியார் மனையில் இருந்தாலும், பாதுகாக்கப்பட்ட மரம். 2010இல் வந்த சட்டத்தின்படி 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள லைவ் ஓக் முதலிய சில இனங்கள் பாரம்பரிய மரங்கள். இவற்றை அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம். கிளைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் கழிக்கவும் அனுமதி வேண்டும். மரம் செத்துவிட்டது என்றாலும் நாமாகத் தீர்மானித்து வெட்டிவிடக் கூடாது, விண்ணப்பம் உண்டு. வம்பு வருவது போன் செய்தவருக்கு அல்ல. வாசலில் வந்து, "பாதி விலைக்கு இன்றே வெட்டித் தருகிறேன்" என்று சொல்பவரை நம்பி, கேட்காமல் வெட்டியவருக்குத்தான் வம்பு.

ஐந்து மாத விரதம்

வீட்டுக்காரர் கையில் இருக்கும் பெரிய மருந்து ஒன்று உண்டு. காசில்லாதது. பிப்ரவரி முதல் ஜூன் முடிய ஓக் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. வண்டுகளின் நடமாட்டமும் காளான் மெத்தையும் அந்த மாதங்களில் மிகுதி. கிளை கழிப்பதென்றால் கடும் கோடையிலோ நல்ல குளிரிலோ வைத்துக்கொள்ளலாம். எந்த மாதமானாலும் வெட்டிய காயத்துக்கு உடனே பெயின்ட் பூச வேண்டும். கடையில் விற்கும் சாதாரண பெயின்ட் போதும். மற்ற மரங்களுக்கு இப்படிப் பூசத் தேவையில்லை என்பதே மர நிபுணர்களின் பொதுக் கருத்து. இந்த நோய் உள்ள ஊரில் ஓக் மரம் அதற்கு விலக்கு. பெயின்ட் காயத்தை ஆற்றுவதில்லை. வண்டு வந்து உட்காராமல் தடுக்கிறது. திறந்த புண்ணில் ஈ மொய்க்காமல் துணி கட்டுவது போல.

2023 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் ஆஸ்டினில் உறைபனி மழை பெய்தது. பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் ஓக் கிளைகள் முறிந்து கூரை மீதும் கார் மீதும் மின் கம்பி மீதும் விழுந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. அது சரியாக விரத மாதத்தின் வாசல். வெட்டாமல் விட்டால் தொங்கும் கிளை தலையில் விழும். வெட்டினால் நோய் வரும் காலம். அப்போது நிபுணர்கள் சொன்னது இதுதான்: உயிருக்கு ஆபத்தான கிளையை வெட்டுங்கள், காயத்துக்கு உடனே பூசுங்கள், அழகுக்காகக் கழிப்பதைக் கோடை வரை தள்ளிப்போடுங்கள். தனியார் வீட்டு மரங்களின் முறிந்த கிளைகளைச் சாலையோரம் குவித்து வைக்கச் சொல்லி, நகரசபை லாரிகள் வாரக் கணக்கில் வந்து அள்ளிச் சென்றன.

நோயை அடையாளம் காண்பதிலும் ஓர் எச்சரிக்கை. லைவ் ஓக் வசந்தத்தில் பழைய இலையை உதிர்த்துப் புதிய இலை விடும். அது இயற்கை, பதற வேண்டாம். இலையின் நரம்புகள் மட்டும் பழுப்பாகி, நடுப்பகுதி பச்சையாக, மீன் முள் போலக் கோடு தெரிந்தால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய அடையாளம். அத்தகைய இலைகள் சிலவற்றைப் பொறுக்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு போன் செய்யலாம். நோயில் மடிந்த ரெட் ஓக் விறகை அடுப்புக்கென்று அடுக்கி வைப்பதும், நண்பர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் ஆபத்து. அன்பளிப்போடு வியாதியும் போகும்.

மற்ற ஊர்களில்

இந்தப் பிரச்சினை ஆஸ்டினுக்கு மட்டும் உரியதல்ல. நியூ ஜெர்ஸியில் பாலாஜி கோயில் அமைந்துள்ள பிரிட்ஜ்வாட்டர் அங்கத்தினர் பலருக்கும் தெரிந்த ஊர். ஆஷ் மரங்களை அழிக்கும் மரகதப் பச்சை நிற வண்டு அம்மாநிலத்தில் முதன்முதல் 2014 மே மாதம் கண்டுபிடிக்கப்பட்டது அந்த ஊரில்தான். அது இந்த நாட்டில் முதலில் தென்பட்டது 2002இல், மிச்சிகனின் டெட்ராய்ட் அருகே. அங்கும் வீட்டுக்காரருக்குப் பாடம் ஒன்றே: மரம் காய்ந்தபின் கேட்பதைவிட, வண்டு அண்டை ஊருக்கு வந்தபோதே கேட்பது மேல்.

கலிபோர்னியாவில் ஸான் பிரான்ஸிஸ்கோ வேறொரு பாடம் கற்றது. வீட்டின் முன் நடைபாதையில் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவற்றைப் பராமரிப்பது அந்தந்த வீட்டுக்காரர் தலையில் விடப்பட்டிருந்தது. சிலர் கவனித்தார்கள், சிலர் விட்டார்கள், நடைபாதைகள் வேரால் பெயர்ந்தன. 2016 நவம்பரில் ஈ என்ற எழுத்திட்ட தீர்மானத்தை வாக்காளர்கள் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான ஆதரவுடன் நிறைவேற்றினார்கள். 2017 ஜூலை முதல் சுமார் 1,25,000 தெரு மரங்களின் பராமரிப்பை நகரமே ஏற்றது. அதற்கென ஆண்டுக்கு 19 மில்லியன் டாலர் ஒதுக்க வழி செய்யப்பட்டது. வீட்டுக்கு வீடு சிதறிய பொறுப்பு ஊர்ப் பொறுப்பாக மாறியது.

பிழைத்த மரம்

ஆஸ்டின் நகரின் நடுவே ஒப்பந்த ஓக் என்ற பழைய லைவ் ஓக் நிற்கிறது. வயது சுமார் 500 என்பது மதிப்பீடு. அது நின்ற மனை தனியாருடையதாக இருந்தது. மரத்தைக் காப்பதற்காக நகரசபை அதை 1937இல் விலைக்கு வாங்கியது. 1989இல் ஒருவன் அதன் அடியில் கொடிய களைக்கொல்லி விஷத்தை ஊற்றினான். நகரமே கலங்கியது. டல்லாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ ஆகும் செலவைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். நிபுணர்கள் விஷ மண்ணை அகற்றினார்கள், வெயில் படாமல் திரை கட்டினார்கள், ஊற்று நீரைத் தெளித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் குணமடைய வாழ்த்தி அட்டை எழுதி வைத்தார்கள். மரத்தின் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. எஞ்சியது பிழைத்தது. 1997இல் அது மீண்டும் காய்த்தது. அதன் கொட்டைகளிலிருந்து கன்றுகள் வளர்த்துப் பல இடங்களில் நட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டு மரத்துக்கும் ராஸ் பெரோ வரமாட்டார். ஆனால் 3-1-1 எண்ணும், கட்டணமின்றி வந்து பார்க்கும் நிபுணரும், ஒரு டப்பா பெயின்டும் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மரத்தை இழந்தவர்களுக்கும் வழி உண்டு. ட்ரீஃபோக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் நகரசபையின் ஆதரவோடு வீட்டுக்காரர்களுக்கு இலவச மரக்கன்றுகள் வழங்கி வருகிறது. மறுபடியும் ஒரே இனத்தை நடாமல் பர் ஓக், மான்டெரே ஓக், ஸீடர் எல்ம் என்று கலந்து நட்டால், அடுத்த வியாதி வரும்போது தெரு முழுவதும் மொட்டையாகாது.

அங்கத்தினர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது சுலபம். வீட்டு ஓக் மரத்தை ஒரு தரம் சுற்றி வந்து இலைகளைப் பாருங்கள். அதன் குறுக்களவை அளந்து குறித்து வையுங்கள். மரம் கழிக்க ஆள் பேசியிருந்தால் மாதத்தைக் கேளுங்கள், பெயின்ட் கொண்டு வருவாரா என்று கேளுங்கள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். உங்கள் மரமும் அவர் மரமும் கீழே எப்போதோ கைகோத்துவிட்டன. மேலே உள்ளவர்கள் அறிமுகம் செய்துகொள்ள அகழி வெட்டும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.